பெடல் ஸ்டீல் கிட்டார்: எந்தக் கோளாறுக்கு எங்கே திருக வேண்டும்

பெடல் ஸ்டீல் என்பது கால் பெடலாலும் முழங்கால் லீவராலும் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார். இந்தக் கருவியில் சுருதி சேர்க்கும் இடங்கள் இரண்டு. வாசிப்பவரின் இடப்பக்கம் இருக்கும் டியூனிங் கீகள் திறந்த தந்திக்கு மட்டும். வலப்பக்க ஓரத் தகட்டில் வரிசையாகத் தெரியும் நைலான் நட்டுகள் பெடலும் முழங்கால் லீவரும் கொடுக்கும் சுரத்துக்கு மட்டும். பெடலை மிதித்தபோது வந்த பிசகைக் கீயில் திருத்துவதும், திறந்த தந்தியின் பிசகை நட்டில் திருத்துவதும்தான் புதிதாகத் தொடங்குபவர்களை நாள் முழுக்கச் சுற்றவிடுகின்றன. அதனால் எதையும் திருகுவதற்கு முன் ஒரே கேள்வி: பிசகு எப்போது கேட்கிறது? கால் தரையில் இருக்கும்போதா, பெடலில் இருக்கும்போதா, பெடலை விட்ட பிறகா, பாரை (தந்திமேல் இடக்கையால் வைக்கும் உலோக உருளை) வைத்த பிறகா?

கீழே சொல்வதெல்லாம் நாஷ்வில் ஈ9 என்ற சுருதி அமைப்பில் உள்ள பத்துத் தந்திக் கருவிக்கு, எம்மன்ஸ் பெடல் வரிசைக்கு: இடமிருந்து ஏ, பி, சி. ஜிம்மி டே வரிசையில் இதே மூன்றும் வலமிருந்து இடமாக இருக்கும். பழைய கருவி வாங்கியவர்கள் முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இயந்திரம் 'ஆல்‑புல்' வகை (பெடலோடு இணைந்த ராட் என்ற கம்பியை இழுத்தே சுரம் ஏறும், இறங்கும்) என்று வைத்துக்கொள்கிறோம். பழைய எம்மன்ஸ் 'புஷ்‑புல்' கருவிக்கு நட்டுத் திருகும் முறையே வேறு. அதில் இந்தக் குறிப்பை வைத்துக் கை வைக்க வேண்டாம்.

புது செட் மாட்டியாயிற்று, ஆனால் தந்தி சுருதிக்கே வரவில்லை

தடிமன் வரிசையில் மாட்டியிருப்பீர்கள். ஈ9‑இல் தந்திகள் மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்குவதில்லை. உங்களிடமிருந்து தொலைவில் இருப்பது 1, மடிக்கு அருகில் இருப்பது 10. முதல் இரண்டும் மூன்றாவதைவிடத் தாழ்ந்த சுரங்கள். வழக்கமான அளவுகள், அங்குலத்தில்:

1 – எஃப் ஷார்ப், 0.013
2 – டி ஷார்ப், 0.015
3 – ஜி ஷார்ப், 0.011
4 – ஈ, 0.014
5 – பி, 0.017
6 – ஜி ஷார்ப், 0.020 (சுற்று இல்லாதது)
7 – எஃப் ஷார்ப், 0.026 (இது முதல் சுற்றுத் தந்தி)
8 – ஈ, 0.030
9 – டி, 0.034
10 – பி, 0.036

ஆக, செட்டிலேயே மெல்லிய தந்தி மூன்றாவது இடத்துக்குப் போக வேண்டும். ஏ பெடல் 5, 10 இரண்டையும் பி‑யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3, 6 இரண்டையும் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ‑வுக்கு. சி பெடல் 4‑ஐ எஃப் ஷார்ப்புக்கும் 5‑ஐ சி ஷார்ப்புக்கும். இடது முழங்கால் லீவர்களில் ஒன்று 4, 8 இரண்டையும் எஃப்‑க்கு ஏற்றும், இன்னொன்று அவற்றையே டி ஷார்ப்புக்கு இறக்கும். மற்ற லீவர்கள் கருவிக்குக் கருவி மாறும்.

ட்யூனரில் எல்லாம் நடுக்கோட்டில் நிற்கிறது, மூன்று தந்தியைச் சேர்த்து மீட்டினால் காதைக் குத்துகிறது

கருவியில் பழுது எதுவுமில்லை. சாதாரண ட்யூனர் காட்டுவது பியானோவின் சமப் பகிர்வுச் சுருதி. பெடல் ஸ்டீலில் தந்திகள் நெடுநேரம் நின்று ஒலிக்கும். மூன்றாம் சுரத்தில் 14 சென்ட் பிசகு இருந்தாலும் அலையடிப்பு அப்படியே வெளியே தெரியும். (100 சென்ட் ஓர் அரைச்சுரம்.)

தம்புராவோடு பழகிய காதுக்கு இதை விளக்குவது சுலபம். ஈ‑யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். பி பஞ்சமம், ஜி ஷார்ப் அந்தர காந்தாரம். நன்றாகச் சேர்ந்த தம்புராவில், யாரும் மீட்டாமலேயே ஒரு காந்தாரம் எழும்பிக் கேட்குமே, அதுதான் இங்கே வேண்டிய ஜி ஷார்ப். ட்யூனரின் நடுக்கோட்டிலிருந்து அது 14 சென்ட் கீழே இருக்கிறது. மற்ற சுரங்களும் இதே கணக்கில் வரும்:

4, 8 (ஈ) – 0
5, 10 (பி) – 2 கூட
3, 6 (ஜி ஷார்ப்) – 14 குறைய
2 (டி ஷார்ப், காகலி நிஷாதம்) – 12 குறைய
9 (டி) – 4 குறைய
பி பெடலில் வரும் ஏ (சுத்த மத்தியமம்) – 2 குறைய
ஏ பெடலில் வரும் சி ஷார்ப் (சதுச்ருதி தைவதம்) – 16 குறைய
ஈ‑யை இறக்கும் லீவரில் வரும் டி ஷார்ப் – 12 குறைய
ஈ‑யை ஏற்றும் லீவரில் வரும் எஃப் – 30 குறைய

கடைசி எண்ணைப் பார்த்துத் தட்டச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். அந்த லீவர் ஏ பெடலோடு சேர்ந்து சி ஷார்ப் மேஜர் கார்டு தரும். அங்கே அந்த எஃப் காந்தாரத்தின் இடத்தில் நிற்கிறது. ஏற்கெனவே 16 இறங்கிய சி ஷார்ப்பிலிருந்து இன்னொரு 14.

1, 7 தந்திகளின் எஃப் ஷார்ப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அதற்கு ஒரே எண் கிடையாது. பி‑க்குப் பஞ்சமமாக நிற்கும்போது அது 4 சென்ட் கூட இருக்க வேண்டும். ஏ, பி பெடல்களை மிதித்து ஏ மேஜருக்குப் போனால், அதே தந்தி 18 குறைய இருந்தால்தான் சேரும். இடைவெளி 22 சென்ட். நம் 22 சுருதிக் கணக்கில் பிரமாண சுருதி என்பார்களே, 81/80, அதே இடைவெளிதான் இது. எந்தத் திருகாலும் தீராது. முதல் தந்தியை மேலே வைத்து, ஏழாவதை இரண்டுக்கும் நடுவில், 6 அல்லது 7 குறைய, வைப்பது நடைமுறைச் சமரசம். ஏ பெடலோடு ஏழாவதையும் சற்று இறக்க ஒரு கூடுதல் ராட் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. சி பெடலில் 4‑ஆம் தந்தியின் எஃப் ஷார்ப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை; அதை 18 குறையவே வைக்கலாம்.

பீட்டர்சன் ஸ்ட்ரோப் ட்யூனர்களில் இதற்கென்றே முன்பே பதிந்துவைத்த அளவுகள் உண்டு. இல்லாவிட்டாலும் சென்ட் காட்டும் எந்த ட்யூனரும் போதும். ட்யூனரில் வைத்த பிறகு 4, 5, 6 மூன்றையும் சேர்த்து மீட்டி, அலையடிப்பு நிற்கிறதா என்று காதால் முடியுங்கள். குழுவில் பியானோவோடு வாசிக்கும்போது ஜி ஷார்ப்பை 14‑க்குப் பதில் 8, 10 என்று நிறுத்துபவர்கள் நிறைய. அது அவரவர் காது.

திறந்த தந்தி சரி, பெடலை மிதித்தால் மட்டும் பிசகு

வலப்பக்க நட்டுக்குப் போங்கள். எந்த நட்டு என்று தெரியாவிட்டால் பெடலை மெதுவாக அழுத்தி, ஓரத் தகட்டில் எது அசைகிறது என்று பாருங்கள். பெடலை முழுதும் மிதித்து, அது தடுப்பில் முட்டி நிற்கும் நிலையிலேயே நட்டைத் திருப்ப வேண்டும். இறுக்கினால் மாற்றம் பெரிதாகும்: ஏற்றும் ராடில் சுரம் இன்னும் ஏறும், இறக்கும் ராடில் இன்னும் இறங்கும். இறக்கும் லீவரில் சுரம் போதாமல் நிற்கும்போது, 'ஏற்கெனவே ஷார்ப்பாக இருக்கிறதே' என்று நட்டைத் தளர்த்தப் போவது வழக்கமான தவறு. அங்கே இறுக்கத்தான் வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் திறந்த தந்திகள் பத்தும். பிறகு ஏ, பி, சி. கடைசியில் லீவர்கள். திறந்த தந்தியை மறுபடி தொட்டால் அதன் பெடல் சுரத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பெடலை விட்டால் தந்தி பழைய சுருதிக்குத் திரும்புவதில்லை

காரணம் நான்கில் ஒன்று. சுலபமானதிலிருந்து தொடங்குங்கள்.

நட்டு அதிகமாக இறுகியிருக்கலாம். பெடல் ஓய்வில் இருக்கும்போதே ராட் சேஞ்சர் விரலை (தந்தியின் வலமுனையைப் பிடித்து அதன் சுரத்தை மாற்றும் உலோகத் துண்டு) இழுத்துப் பிடித்திருக்கும். விரல் தன் தடுப்பில் வந்து உட்காராது. கால் படாமல் இருக்கும்போது ராடைக் கையால் ஆட்டிப் பாருங்கள். நட்டுக்கும் சேஞ்சர் விரலுக்கும் நடுவே ஒரு மயிரிழைத் தொய்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தந்தியைச் சேர்ந்த எல்லா நட்டுகளையும் தொய்வு வரும்வரை தளர்த்தி, திறந்த சுருதியைக் கீயில் சேர்த்து, பிறகு பெடல் சுரத்தை நட்டில் சேருங்கள். பிறர் கை பட்டுக் குழம்பிய கருவிக்கு இதையே பத்துத் தந்திக்கும் செய்துவிடுவது உத்தமம். ஒரு மணி நேர வேலை.

இறக்கத்துக்கான திரும்பு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: லீவரை விட்ட பிறகு தந்தி சற்றுத் தாழ்ந்தே நிற்கும், அல்லது பெடலில் ஏற்றும்போது பஞ்சை மிதித்தது போல இருக்கும். பி பெடலை அழுத்தியபடி ஆறாம் தந்தியின் இறக்கும் விரலைப் பாருங்கள். அது தடுப்புத் தகட்டை விட்டு விலகினால் ஸ்பிரிங்கை ஒரு துளை இழுத்து மாட்டுங்கள். அளவுக்கு மேல் இழுத்தால் லீவர் கல்லாகிவிடும்.

பழைய எண்ணெய் பிசினாகியிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் பெட்டியில் தூங்கிய கருவியில் முதல் சந்தேகம் இதுதான். சேஞ்சர் விரல்களுக்கிடையே நாஃப்தா விட்டுக் கழுவி (ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு வேண்டாம்), உலர்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் விரலுக்கு ஒரு சொட்டு.

நான்காவதற்கு மருந்து குறைவு. ஒரே தந்தியை ஒரு ராட் ஏற்றவும் இன்னொன்று இறக்கவும் செய்யும் இடங்களில் (4, 6, 8), ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஓரிடத்திலும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது இரண்டு மூன்று சென்ட் தள்ளி இன்னோரிடத்திலும் நிற்கும். உராய்வின் வேலை இது. எண்ணெய் போட்டால் குறையும், முழுதும் போகாது. எந்த அசைவை அதிகம் வாசிக்கிறீர்களோ அதற்குப் பிறகு நிற்கும் இடத்தில் சுருதி சேருங்கள். இறக்கும் லீவரை விட்டதும் பெடலை ஒரு தட்டுத் தட்டி விரலை இருப்பிடத்தில் உட்கார வைப்பதும் வாசிப்போரின் பழக்கம்.

நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சுரம் போய்ச் சேரவில்லை

ஒரு பெடலின் எல்லாத் தந்திகளும் ஒரே நேரத்தில் போதாமல் நின்றால் கோளாறு பொது இடத்தில்: பெடலின் தடுப்புத் திருகு முன்கூட்டியே முட்டுகிறது, அல்லது குறுக்குத் தண்டில் பெடலோடு இணைந்த கிராங்கின் திருகு வழுக்கிவிட்டது. ஒரு தந்தி மட்டும் என்றால் அந்தத் தந்தியின் பெல் கிராங்க் (குறுக்குத் தண்டில் நின்று ராடை இழுக்கும் சிறு நெம்பு), ராட், நட்டு மூன்றில் ஒன்று.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் போதவில்லையென்றால் இழுப்புத் தூரம் காணாது. ராடை பெல் கிராங்கில் தண்டிலிருந்து தள்ளியிருக்கும் துளைக்கு மாற்றினால் தூரம் கூடும், பெடலும் கனக்கும். உள்துளைக்கு மாற்றினால் மென்மையாகும், தூரம் குறையும். ஏ பெடலில் ஐந்தாவது முதலில் வந்து பத்தாவது பின்னால் இழுபடுவதும் இதே துளைக் கணக்கில்தான் சரியாகும். ஆறாம் தந்தியைச் சுற்றுத் தந்தியாக மாற்றியவர்கள் இங்கே அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள்: அதில் பாரம் முழுவதையும் மெல்லிய உள்கம்பியே தாங்குவதால், அதே சுரமாற்றத்துக்கு இன்னும் நீண்ட இழுப்பு வேண்டும்.

பெடலை மிதித்தால் தொடாத தந்தியும் இறங்குகிறது

நான்காம் தந்தியை மீட்டி, ட்யூனரைப் பார்த்தபடி ஏ, பி இரண்டையும் சேர்த்து மிதியுங்கள். முள் சற்று இறங்கும். பெடலின் இழுப்பில் உடலும் சேஞ்சரின் அச்சும் இம்மியளவு வளைகின்றன. இரண்டு மூன்று சென்ட் என்றால் எந்தக் கருவியிலும் உள்ளதுதான். பத்தைத் தொட்டால் கால்களின் திருகு, ஓரத் தகட்டின் திருகு, பெடல் பட்டையின் பிடிப்பு எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு சமரசம்: ஈ தந்திகளை அந்த இறக்கத்தில் பாதியளவு கூட வைத்துக்கொண்டால் திறந்தும் மிதித்தும் சமமாகப் பிசகும், காது இரண்டையும் பொறுத்துக்கொள்ளும்.

மூன்றாம் தந்தி அறுந்துகொண்டே இருக்கிறது

அதன் தலையெழுத்து அது. 24¼ அங்குல நீளத்தில் பி பெடல் அதை 440 ஹெர்ட்ஸ் ஏ‑வுக்கு இழுக்கும்போது உருக்கில் ஏறும் தகைவு சுமார் 2.3 கிகாபாஸ்கல், அந்த அளவு மெல்லிய இசைக்கம்பி அறுவது ஏறக்குறைய 2.7‑இல். தடித்த தந்தி போட்டால் தாங்கும் என்று 0.012‑க்கு மாற்றுவதில் பயனில்லை. சுரமும் நீளமும் அதேயாக இருக்கும்வரை தகைவும் அதேதான். மெல்லிய கம்பிதான் உருக்கில் சற்று வலுவானதும்கூட.

கருவியில் செய்யக்கூடியது, அறுபடும் இடத்தைப் பார்ப்பது. கிட்டத்தட்ட எப்போதும் சேஞ்சர் விரலின் வளைவில்தான் அறும். அங்கே பழைய தந்தி அரித்த பள்ளம் இருந்தால், 1000‑க்கு மேற்பட்ட எண்ணுள்ள நீர்த்தாளைத் தந்தி போகும் திசையிலேயே இழுத்து மழுக்கி, உலோகப் பாலிஷால் மெருகேற்றி, ஒரு சொட்டு எண்ணெய் வையுங்கள். தந்தியின் குண்டு முனைக்கு அருகிலுள்ள முறுக்கு அந்த வளைவின் மேல் வரக்கூடாது. உதிரியாக மூன்றாம் தந்தி மட்டும் அரை டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாரை வைத்ததும் சுருதி போகிறது

திறந்த தந்தியும் பெடலும் சரியாக இருந்தால் மீதி கையில். இங்கே ஃப்ரெட் வெறும் கோடு, தந்தி அதைத் தொடாது. பாரின் நடு அச்சு கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் கோடு தள்ளித் தெரியும். நேர் மேலிருந்து பாருங்கள். பத்துத் தந்தியிலும் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்பதை 1, 10 இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டிச் சோதியுங்கள். பாரை அழுத்தக் கூடாது. 7/8 அங்குலப் பாரின் சொந்த எடையே போதும். அழுத்தினால் மெல்லிய தந்திகள் ஏறும். பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்தியில் படிந்து வராவிட்டால், உரசல் சத்தமும் பேய்ச் சுரங்களும் சேர்ந்து வரும்.

அசைவு (வைப்ராட்டோ) கொடுக்கும்போது பார் உருள வேண்டும், வழுக்கக் கூடாது. சுருதி உறுதியாகும்வரை அசைவே வேண்டாம். பிசகை மறைக்கப் போடும் அசைவு பிறகு கையை விட்டுப் போகாது.

குறிப்பிட்ட ஒரு தந்தி மட்டும் பாருக்கடியில் கரகரத்தால் நட் உருளையை (கீகளுக்கு அருகே தந்தி தங்கும் சிறு உருளை; வலப்பக்க நட்டு அல்ல) பாருங்கள். தந்திகளின் மேல்முகம் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க, ஒவ்வோர் உருளையின் பள்ளமும் தந்தித் தடிமனுக்கேற்ப வெட்டப்பட்டிருக்கும். உருளை இடம் மாறியிருந்தால் அந்தத் தந்தி தாழ்ந்து நிற்கும்.

சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன

கட்டை விரலுக்குப் பிளாஸ்டிக் பிக் (விரலில் மாட்டும் மீட்டி), ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் உலோக பிக். மீட்டிய தந்தியை அடுத்ததற்கு முன் அடக்க வேண்டும். அதற்கு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரம். 8, 6, 5, 4 என்று நிமிடத்துக்கு 60 தட்டில், மீட்டு, அடக்கு, மீட்டு, அடக்கு. அடக்கிய இடம் முழு மௌனமாக இருக்க வேண்டும். கீச்சென்று கேட்டால் பிக்தான் தந்தியைத் தொடுகிறது, கை அல்ல.

ஒலி ஊதி ஊதி வருகிறது, அல்லது சீக்கிரம் சாகிறது

வலது கால் வால்யூம் பெடலில். மீட்டும்போது பாதியில் இருந்து, ஒலி தேயத் தேய மெதுவாக முன்னே தள்ள வேண்டும். ஒவ்வொரு மீட்டலுக்கும் அடியிலிருந்து மேலே அழுத்தினால்தான் அந்த ஊதல். பெடலை அசைக்கும்போது கரகரத்தால் பொட்டென்ஷியோமீட்டர் அழுக்கு. துப்புரவு ஸ்பிரே அடித்து இருபது முப்பது முறை ஆட்டியும் போகாவிட்டால் மாற்றிவிடுங்கள். பிக்கப் நேரடியாகச் செருகும் வகைக்கு 500 கிலோ ஓம்.

இரைச்சல் கருவியைத் திருப்பினால் கூடிக் குறைகிறதென்றால் ஒற்றைச் சுருள் பிக்கப்பும் பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும்தான் காரணம். நாற்காலியோடு கால்வட்டம் திரும்பி உட்காருங்கள்.

கால் பெடலைத் தேடுகிறது

இருக்கை உயரம் சரியில்லையென்றால் தொடை கருவியின் அடியில் இடிக்கும், அல்லது முழங்கால் லீவரை எட்டாது. தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்கட்டும். இரு பக்க லீவர்களும் முழங்காலை அரை அங்குலத்தில் தொட வேண்டும். லீவரின் நிலையை நகர்த்தி அதைச் சரிசெய்யலாம். இடது பாதம் ஏ, பி இரண்டின் மேலும் சேர்ந்தே கிடக்கும். ஏ மட்டும் வேண்டுமானால் காலைத் தூக்குவதில்லை. கணுக்காலை இடது பக்கம் உருட்டுவது. அகலமான ஓட்டச் செருப்போடு இது வராது, ஒடுங்கிய அடியுள்ள ஷூ போடுங்கள். பெடல் உயரம் வித்தியாசமாக இருந்தால் செங்குத்து ராடின் நீளத்தைத் திருகி மட்டப்படுத்துங்கள். அதற்குப் பிறகு அந்தப் பெடலின் நட்டுகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.